வேண்டாதவை என்று நான் எழுதிய பட்டியல்

இன்று காலை ஏழாம் இலக்கக் கணினிப் பெட்டி மறுபடியும் எழும்ப மறுத்தது. பொத்தானை அழுத்தினால் மூன்று முறை கீச்சிட்டுவிட்டு ஓய்ந்துபோனது. பக்கத் தகட்டைக் கழற்றி, நினைவகப் பலகையை உருவி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் துகள் உருண்டு மேசையில் விழுந்தது. சூடேறிய தூசியின் மணமும் அழிறப்பரின் இனிப்பு மணமும் ஒன்றாக மூக்கில் ஏறின. "மெதுவாத் தேய், அது உன்ட கட்டுரைக் கொப்பி இல்ல" என்று நீ பின்னால் நின்று சொல்வாய் என்று ஒரு கணம் கையை நிறுத்திக் காத்திருந்தேன்.

நீ சொல்லவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது. பெட்டி எழும்பிவிட்டது.

மணத்தால் மட்டும் நான் இதை எழுதத் தொடங்கவில்லை. இந்தப் பாடசாலையில் உன்னைப் பற்றி ஒரு கதை இவ்வளவு நாளும் உலாவியது. கெட்டிக்காரிதான், ஆனால் கவனயீனம். கணினிகளைத் திருத்துகிறேன் என்று சொல்லி அவற்றிலிருந்து தமிழையே வெட்டி எறிந்துவிட்டாள் என்று. ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னார்கள். உன் மரணச் செய்தியை அறிவித்த காலைக் கூட்டத்திலும் கொஞ்சம் சீனி தடவிச் சொன்னார்கள். அந்தத் தவறு உன்னுடையது அல்ல. அதை உன் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் வைக்க எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டால், நீ அந்த மூக்கால் விடும் சிரிப்பைச் சிரிப்பாய்.

முதலில் அந்தக் கணினி அறையைச் சொல்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் அதைத் திட்டுவது உனக்குப் பிடிக்கும். பன்னிரண்டு பெட்டிகள். ஒரு காப்புறுதிக் கம்பனி கழித்துவிட்டவை. குப்பைக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார்கள். அனுப்பியதற்கு ஒரு விழா நடந்தது. பாற்சோறு வெட்டினார்கள், பாதர் வந்து ஒவ்வொரு பெட்டிக்கும் தீர்த்தம் தெளித்தார், கொடுத்தவர்களின் பெயரை ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்துக் கதவில் அடித்தார்கள். தகடு ஒரு கணினித் திரையைவிட அகலம். அதற்குப் பிறகு எங்கள் கணினி ரீச்சர் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்கு மேல் பழைய மேசை விரிப்புப் போட்டு, கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். தகவல் தொழினுட்பப் பாடத்தைக் கரும்பலகையில் படித்தோம். சுட்டியின் படத்தைக் கொப்பியில் கீறி, நிறம் தீட்டி, வலப்பக்கப் பொத்தான், இடப்பக்கப் பொத்தான் என்று அம்புக்குறி போட்டோம். என் படத்துக்கு மிக நன்று கிடைத்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு, எலியின் வாலையும் காதையும் விட்டுவிட்டாய் என்றாய்.

அப்போது நான் உன்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை. உன் வாய்க்குப் பயம். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், தமிழ்மொழித் தினப் போட்டிகளில் கட்டுரைக்குப் பரிசு எடுக்கிறவள், வீட்டில் புது மடிக்கணினி இருக்கிறவள். நீ பாடசாலைக்குப் பின் ஒழுங்கையில் ஒரு மேல்மாடி அறையில் அம்மாவோடு இருந்தாய். உன் அம்மா, எனக்கு அன்ரி, கொச்சிக்கடையில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தைத் துப்புரவாக்கி, அங்கே இருப்பவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து உன்னைப் படிப்பித்தார். உன் வீட்டில் கணினி இல்லை. ஆனால் வகுப்பில் கணினியைப் பற்றி உண்மையாகவே தெரிந்தவள் நீ ஒருத்திதான். அந்த அறிவெல்லாம் அன்ரியின் உடைந்த தொலைபேசித் திரையில் எழுத்தெழுத்தாக வாசித்தது.

பிறகு மேடம் வந்தார். பழைய மாணவியர் சங்கத்தின் தலைவி, எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கைக்காரி. என் அம்மா அவரைக் கண்டால் குரலை மாற்றிக்கொள்வார். அந்த அறையிலிருந்து பழைய பெட்டிகளைத் தூக்கிவிட்டு, சுவரில் ஒரு பெரிய தொடுதிரை மாட்டப் போவதாக மேடம் அறிவித்தார். ஒரே ஒரு திரை. அதை ரீச்சர் தொடுவார், நாங்கள் நாற்பது பேரும் பார்ப்போம்.

"ஒராள் சாப்பிட நாப்பது பேர் வாயைப் பாத்துக்கொண்டிருக்கிற மாதிரி," என்றாய் நீ. மெதுவாகத்தான் சொன்னாய், ஆனால் மேடத்துக்குக் கேட்கும் தூரத்தில்.

ரீச்சர் பயந்தவர்தான், என்றாலும் அன்றைக்கு அவர் ஒன்று செய்தார், அதை நான் மறுக்க மாட்டேன். இந்தப் பெட்டிகளை, அவற்றை இயக்கும் முறைமையின் புதிய பதிப்பில் ஓட வைத்துவிட்டால், பின்பக்கக் களஞ்சிய அறையில் அவற்றை வைத்து உயர்தரப் பரீட்சைக்குத் தகவல் தொழினுட்ப வகுப்புத் தொடங்கலாமா என்று கேட்டார். பெட்டிகள் இல்லாவிட்டால் அந்த வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால், பொரளைக்கோ நுகேகொடைக்கோ போய்ப் படிக்க வசதியுள்ளவர்கள் போவார்கள், நீ வர்த்தகப் பிரிவில் உட்காருவாய். மேடம் சிரித்தார். மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், ஓடாவிட்டால் திங்கட்கிழமையே லொறி வரும் என்றும் சொன்னார். ஒரு பெருந்தன்மையைக் காட்டிய களைப்போடு விசிறியை நோக்கித் திரும்பி நின்றார்.

அன்று மாலை நீ என்னிடம் வந்தாய். நட்பு ஒன்றுமில்லை. உனக்கு என் மடிக்கணினி வேண்டும். அதை ஒளிக்காமல் அப்படியே சொன்னாய். அதனால்தான் எனக்கு உன்னைப் பிடித்தது.

பழைய பதிப்பில் உலாவி எந்தப் பக்கத்தையும் திறக்காது. புதிய பதிப்போ எங்கள் பெட்டிகளைப் பார்த்ததும், இந்தக் கணினி தகுதியற்றது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கதவைச் சாத்தியது. நினைவகம் போதாதாம், ஏதோ ஒரு பாதுகாப்புச் சில்லு இல்லையாம். அந்தச் சில்லு இருந்தால்தான் ஒரு பிள்ளை அட்டவணை கீறிப் பழகலாம் போலும். அனுமதி கேட்டு வந்த பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்து முடிவெடுக்கிற அதிபரைப் போல் இருக்கிறது என்று நீ சொன்னாய். இலவசமாகக் கிடைக்கும் வேறு முறைமைகளும் இருந்தன. பரீட்சைத் தாளில் வருகிற பட்டியலும் பொத்தானும் அவற்றில் இல்லை என்று ரீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளவத்தைப் பிரதான வீதியில் ஒரு கணினிக் கடைக்குப் போய்க் கேட்டோமே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேக்க ஹரியன்னெ நெ நங்கி" என்றார். இது சரிவராது தங்கச்சி என்று சொல்வதற்கு அவருக்கு எங்கள் பெட்டியின் விபரம்கூடத் தேவைப்படவில்லை. பிறகு புதியவற்றின் விலைப் பட்டியலை எங்கள் பக்கம் தள்ளினார். "எஹெனங் பலமு அய்யே" என்று நீ பட்டியலைத் திருப்பித் தள்ளினாய். அப்போ பார்ப்போம் அண்ணா. அவ்வளவு மரியாதையான சொற்களில் அவ்வளவு அவமதிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உன் யோசனை, புதிய பதிப்பை உரித்துப் போடுவது. உள்ளே இருக்கும் தேவையற்ற சாமான்களைக் கழற்றி, எலும்பும் தோலுமாக்கி, பிறகு நிறுவுவது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைச் செய்து, எப்படிச் செய்வதென்று எழுதியும் வைத்திருந்தார்கள். ஆயத்தமாக வெட்டிய பிரதிகளும் கிடைத்தன. நீ அவற்றைத் தொடவில்லை. ஆரோ சமைச்சு மிச்சம் வைத்த சோற்றில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றாய். நாங்களே வெட்டுவோம். அனுமதி இலக்கம் ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒட்டியிருந்தது. வெட்டிய பிரதியை ஒரு பென் ட்ரைவில் போட்டால் அது எல்லாப் பெட்டிக்கும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான்காம் மாடி, கடல் தெரியும். எல்லோரும் முதலில் ஜன்னலுக்குப் போவார்கள். நீ நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய் என் மடிக்கணினியைத் திறந்தாய். அது எழும்பும் வரை விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாய்.

"இவ்வளவு புதுசு, இவ்வளவு சோம்பேறி," என்றாய். "உள்ளுக்கு ஆர் ஆர் இருக்கினம் எண்டு பாப்பம்."

அன்றைக்குத்தான் பார்த்தேன், என் கணினிக்குள் எத்தனை விருந்தாளிகள் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. காலநிலை சொல்ல ஒன்று. கடற்கரை வீட்டில் இருக்கிறவளுக்கு மழை பெய்தால் தெரியாதா? செய்தி சொல்ல ஒன்று. கேட்காமலே வரும் செய்திகள், எந்த நாட்டிலோ எந்த நடிகை எந்த உடுப்புப் போட்டாள் என்று. கூப்பிட்டால் பேசும் உதவியாளர் ஒன்று. ஆங்கிலத்தில், அதுவும் அவர்களுடைய உச்சரிப்பில் கூப்பிட்டால் மட்டும். சீட்டு விளையாட்டு, சீட்டு விளையாட்டுக்கு நடுவே விளம்பரம். கடை. கடையை நினைவூட்ட இன்னொன்று. நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்துப் பார்த்து எங்கேயோ அறிக்கை அனுப்ப நாலைந்து. இவ்வளவு சுமையையும் தலையில் ஏற்றிவிட்டு, தூக்க முடியாத பெட்டியைப் பார்த்து, நீ தகுதியற்றவள் என்று சொல்கிறார்கள்.

நீ ஒவ்வொன்றாக வாசித்தாய். என் கையெழுத்து வடிவாக இருப்பதால் நான் கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன்: வேண்டியவை, வேண்டாதவை. நீ "வேணுமா?" என்பாய். நான் "வேண்டாம்" என்று எழுதுவேன். நீ அதைத் தெரிவுசெய்து வெட்டுவாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் சொன்னாய், நானும் சொன்னேன். உனக்குச் சமமாக இகழ முடிகிறது என்ற பெருமையில் என் காது சூடாகியிருந்தது. அம்மா பற்றிஸும் பிளேன்ரீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் யாரை ஏசுகிறோம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தோம். கூடுதல் மொழிகள், அவற்றின் எழுத்துருக்கள் என்று ஒரு வரி. நீ வாசித்தாய். நான் தலையை நிமிர்த்தாமலே வேண்டாம் என்றேன்.

"நிச்சயமா?" என்று கேட்டாய். வேறு எதற்கும் நீ அப்படிக் கேட்கவில்லை.

"மெனு எல்லாம் இங்கிலிஸ் தானேடி. கொம்பியூட்டருக்கு என்னத்துக்கு மற்ற மொழி," என்றேன்.

தமிழ்மொழித் தினத்தில் தாய்மொழியின் பெருமை பற்றி எழுதி முதலாம் இடம் எடுத்தவள் சொன்ன பதில் அது. அந்தச் சான்றிதழ் நாங்கள் இருந்த மேசைக்கு நேர் மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. என் மனதில் தமிழ் என்பது புத்தகத்தில் இருப்பது, மேடையில் இருப்பது. கணினிக்குள்ளும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது, யாரோ அதை எடுத்துவிடலாம் என்று நான் நினைத்ததேயில்லை. பாடத்தைத் தமிழில் படித்து, பொத்தான்களை ஆங்கிலத்தில் அழுத்தி வளர்ந்த நாங்கள் எல்லோரும் அப்படித்தான். வேண்டாதவை நிரலில் எழுதினேன். நீ வெட்டினாய்.

அடுத்த இரண்டு வாரமும் பாடசாலை விட்டபின் அந்த அறையில் இருந்தோம். மூன்று பெட்டிகளின் நினைவகத்தைக் கழற்றி மற்ற ஒன்பதுக்கும் பகிர்ந்து போட்டாய். பற்களை அழிறப்பரால் தேய்க்கக் காட்டித் தந்தாய். உரித்த முறைமை எழும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் நீலத் திரை, ஒரு மூலையில் இரண்டே இரண்டு படக்குறிகள். காலநிலை இல்லை, நடிகை இல்லை. சுட்டியை அசைத்தால் அசைந்தது, கேட்டால் திறந்தது. என் மடிக்கணினியை விடச் சுறுக்காக எழும்பியது, ஒரு காப்புறுதிக் கம்பனியின் குப்பை. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பரிசோதித்தோம். அட்டவணை போட்டோம், ஆங்கிலத்தில் கடிதம் தட்டச்சிட்டோம், உலாவியில் ஆங்கிலப் பக்கங்கள் திறந்தோம். தமிழ்மூலப் பாடசாலை ஒன்றின் இரண்டு மாணவிகள், ஒன்பது கணினிகள், ஒரு தமிழ் எழுத்தைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நீ காய்ச்சலோடு வந்தாய். குளிசை போட்டிருக்கிறேன், பேசாமல் இரு என்றாய். மேடம் மூன்று பேரோடு வந்தார். ஒன்பது பெட்டியும் எழும்பின. மேடத்தின் முகத்தில் ஒரு ஏமாற்றம் ஓடி மறைந்ததை நான் கண்டேன். ரீச்சர் உறைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அப்போது மேடம் கைப்பையிலிருந்து ஒரு பென் ட்ரைவை எடுத்து, தொடுதிரைத் திறப்பு விழாவின் நிகழ்ச்சி நிரல் இதில் இருக்கிறது, இதைத் திறவுங்கள் என்றார்.

தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். தலைப்புக் கட்டம், வரவேற்புரை கட்டம், மேடத்தின் பெயரும் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களும் ஒரு வரி நிறையக் கட்டம். வேறொரு நேரமாக இருந்தால் நாங்கள் ஒரு மாதம் சிரித்திருப்போம். எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. சாப்பாட்டு மேசை, கொப்பி, கடைசிப் பக்கம்.

"தமிழ்ப் பிள்ளைகளின்ட பாடசாலையில தமிழ் தெரியாத கொம்பியூட்டர்," என்று மேடம் கூட வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தார்கள். பிறகு எங்களைப் பார்த்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது, நீ சொன்னாய். "நான்தான் வெட்டினனான்."

வெட்டியது நீதான். அது பொய் இல்லை. அதற்கு மேல் நீ ஒன்றும் சொல்லவில்லை. ரீச்சர் உன்னைத் திட்டினார், மேடத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடவே திட்டினார். பின் வாசலில் நான் உன் கையைப் பிடித்தேன். கை நெருப்பாகச் சுட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உன்னை ஏசினா நீ அழுவாய். நீ அழுதா ரீச்சரும் அழுவா. பிறகு ஆர் பெட்டியைத் திருத்துறது," என்றாய்.

ஞாயிறு உன்னைப் பொரளையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. அன்று மாலை வந்தேன். உன் உதடு வெடித்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டே கதைத்தாய். நலம் விசாரிக்க விடவில்லை. எழுத்துரு என்பது ஒரு சின்னக் கோப்பு, என் மடிக்கணினியில் இருக்கிறது, அதைப் பிரதிசெய்து ஒவ்வொரு பெட்டியிலும் உரிய இடத்தில் போட்டால் போதும், மற்றது தானாக வரும் என்றாய். எந்த இடம் என்று சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாய். வீட்டுக்குப் போய் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். நான் பஸ்ஸில் எடுக்கும் கடற்கரைப் படம் ஒன்றைவிடச் சிறியது. நாங்கள் வெட்டிய வேறு எந்தச் சாமானோடும் ஒப்பிட முடியாத அளவு சிறியது. என் மொழி அவ்வளவு இடம்தான் கேட்டிருந்தது. அதைச் சுமை என்று நான் எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை லொறி பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஏழு மணிக்கே ரீச்சரிடம் திறப்பு வாங்கிப் பூட்டுகளைத் திறந்து, பெட்டி பெட்டியாக அந்த எழுத்துருவைப் போட்டேன். அவசரத்தில் கடைசிப் பெட்டியின் மின்வடத்தைக் காலால் இடறிவிட்டேன், அது பிறகு எழும்பவேயில்லை. ரீச்சர் திறந்த பெட்டி ஒன்றின் முன் குனிந்து தன் பெயரைத் தமிழில் தட்டினார். எழுத்து எழுத்தாக வந்தது. அவர் நிமிர்ந்து, மேடத்துக்குத் தொலைபேசி எடுத்து, லொறி வேண்டாம், பெட்டிகள் ஓடுகின்றன, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்றார். தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். லொறி வரவில்லை.

அன்று மாலை பார்வையாளர் நேரத்துக்கு ஓடி வந்து, எட்டு ஓடுகிறது என்று உன் காதில் சொன்னேன்.

நீ ஒரு கண்ணைத் திறந்தாய். "ஒன்பது விட்டிட்டு வந்தனான். ஒண்டை என்ன செய்தனி?"

உன்னிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அது. புதன்கிழமை நீ இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவை உனக்குப் பிடித்திருக்கும், நன்றாக ஏசியிருப்பாய். தொடுதிரையைப் பட்டுநாடா வெட்டித் திறந்தார்கள். இரண்டாம் தவணையில் அதன் தொடு உணர்வு போய்விட்டது. இப்போது ரீச்சர்மார் அதில் சேலை முந்தானையைச் சரிபார்க்கிறார்கள். நல்ல கறுப்புக் கண்ணாடி. களஞ்சிய அறையில் எட்டுப் பெட்டியோடு உயர்தர வகுப்பு தொடங்கியது. ஆறு பேர் படிக்கிறோம். அது வெற்றியென்று தெரிந்ததும் மேடம் அதைத் தன் திட்டம் என்று சொல்லத் தொடங்கினார். சூழலைப் பாதுகாக்கும் மீள்பயன்பாட்டுத் திட்டமாம். லொறி கூப்பிட்டவர் அவர்தான். சங்கத்தின் ஆண்டுமலரில் எட்டுப் பெட்டியின் நடுவில் அவர் நிற்கும் படம் வந்தது. எந்தப் பெட்டியின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்பதற்கு, கறுப்புத் திரைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படமே சாட்சி.

ஆனால் அவரை இகழ்வது சுகம். என்னை என்ன செய்வது? எட்டு மாதம் ஒவ்வொரு நாளும் அந்தக் கதையைக் கேட்டேன். கெட்டிக்காரி, ஆனால் கவனயீனம். கேட்டுவிட்டுத் தலை குனிந்தேன். செத்தவளைப் பற்றிக் கதைத்து என்ன பயன் என்றும், உண்மையைச் சொன்னால் பெட்டிகளுக்கு ஆபத்து வருமோ என்றும், எனக்கு நானே நல்ல தமிழில் காரணம் எழுதிக்கொண்டேன். கட்டுரைக்காரிக்குக் காரணம் எழுதச் சொல்லித் தர வேண்டுமா? மேடம் பொய் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். நான் பேசாமல் இருந்து உன் பெயரை எடுத்துக்கொண்டேன். இரண்டில் எது கீழானது என்று நீ இருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பாய்.

போன வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழா. உன் நினைவாக ஒரு கேடயம், அதை வாங்க அன்ரியைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், முன்வரிசையில் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். உன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேச என்னைத் தெரிவு செய்தார்கள். என்ன பேச வேண்டும் என்று மேடம் எழுதியும் தந்தார். "சிறு கவனயீனம் ஒன்றால் தடுமாறினாலும், ஆர்வத்தில் குறையாத மாணவி." இந்த வரிக்கு வரும்வரை ஒழுங்காக வாசித்தேன். பிறகு தாளை மடித்தேன்.

மேடைப் பேச்சில் எனக்கு எத்தனையோ கிண்ணம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு ஒரு அழகான சொல்கூட வரவில்லை. கணினியிலிருந்து தமிழை எடுக்கச் சொன்னது நான், வேண்டாதவை என்று கொப்பியில் எழுதியதும் நான், அவள் நிச்சயமா என்று கேட்டாள், நான் நிச்சயம் என்றேன், அதைத் திருத்தும் வழியைக் காய்ச்சலில் படுத்துக்கொண்டு சொன்னது அவள், லொறியை வரச் சொன்னது இந்த மேடையில் இருப்பவர்கள். அவ்வளவுதான் சொன்னேன். ஒலிவாங்கி ஒரு தடவை கூவியது. மேடம் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் வைத்திருந்தார். என் அம்மா பின்வரிசையில் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். நான் இறங்கி வெளியே போனேன்.

தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றபோது அன்ரி வந்தார். கேடயத்தைச் சேலைத் தலைப்பால் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"தெரியும் மகள். ஆஸ்பத்திரியிலயே எல்லாம் சொல்லிட்டா."

எட்டு மாதம் தெரிந்துகொண்டு ஏன் அன்ரி ஒருத்தரிடமும் சொல்லவில்லை, என்னிடமாவது கேட்கவில்லை என்று கேட்டேன்.

"அவ வேணாம் எண்டவ. நீ பயந்தாங்கொள்ளியாம், மெதுவாத்தான் சொல்லுவியாம். ஆனா சொல்லுவியாம். அதுவரைக்கும் விடுங்க எண்டவ." சொல்லிவிட்டு, குழாய் சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு அதை இறுக்கி மூடினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

மூன்று வாரம் உன்னோடு இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் என் கையெழுத்தையும், என் சான்றிதழையும், என் கடல் தெரியும் வீட்டையும், நான் பெட்டியைத் தூக்கும் விதத்தையும் நீ இகழாமல் விட்டதில்லை. ஒரு நல்ல வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லுவேன் என்று ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறாய், அதையும் நான் இல்லாத நேரத்தில், காய்ச்சலில், இன்னொருவரிடம், பயந்தாங்கொள்ளி என்ற சொல்லுக்குப் பிறகு சொல்லியிருக்கிறாய். நீ அப்படிச் சொன்ன நாளில் அதை நம்புவதற்கு உன்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதற்குப் பிறகும் எட்டு மாதம் நான் ஒரு ஆதாரமும் தரவில்லை.

இப்போது அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. பாரமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க மாட்டேன்.